கொதிக்கும் ஆழத்தில் மின்சாரமும் தகவலும்

பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு ஏறும். எரிமலைப் பகுதிகளை விட்டுவிட்டால், பெரும்பாலான இடங்களில் கிலோமீட்டருக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் என்ற கணக்கில் அது கூடிக்கொண்டே போகிறது. எண்ணெய்க்காகவும் எரிவாயுவுக்காகவும் தோண்டப்படும் ஆழ்கிணறுகள் 5 கிலோமீட்டரைத் தொடும்போது பாறையின் வெப்பம் 150 டிகிரியை எட்டிவிடுகிறது. புவிவெப்ப மின்சாரத்துக்காகத் தோண்டும் கிணறுகள் சிலவற்றில் 2 கிலோமீட்டரிலேயே 250, 300 டிகிரி இருக்கும். இந்தச் சூட்டில், வளிமண்டலத்தைப் போல் பல நூறு மடங்கு அழுத்தத்தில், பாறையை அரைக்கும் பிட்டுக்குச் சில மீட்டர் மேலே நுட்பமான மின்னணுக் கருவிகள் அளவெடுத்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் எங்கிருந்து கிடைக்கிறது? எடுத்த அளவு எப்படி மேலே வந்து சேர்கிறது? எவ்வளவு ஆழம் வரை கண் திறந்து தோண்ட முடியும் என்பது இந்த இரண்டு கேள்விகளுக்கான விடையைப் பொறுத்தே இருக்கிறது.

கருவி இல்லாமல் தோண்டினால் மேலே நிற்பவர்களுக்குக் கீழே நடப்பது ஏதும் தெரியாது. இன்றைய கிணறுகள் நேராக மட்டும் இறங்குவதில்லை. சில கிலோமீட்டர் இறங்கி, மெல்ல வளைந்து, பிறகு படுக்கைவாட்டில் பல கிலோமீட்டர் ஓடுகின்றன. சில மீட்டர் தடிமனே உள்ள ஒரு மணற்பாறை அடுக்குக்குள் துளையை நிறுத்த வேண்டுமானால், பிட் எந்தக் கோணத்தில், எந்தத் திசையில் போகிறது என்று அடிக்கடி தெரிய வேண்டும். சாய்வை முடுக்கமானிகள் அளக்கின்றன. திசையைக் காந்தமானிகள் அளக்கின்றன. காந்த அளவு கெடாமல் இருக்க, இவை காந்தம் ஏறாத எஃகால் செய்த குழாய்க்குள் வைக்கப்படுகின்றன. பாறையிலிருந்து இயல்பாக வரும் காமாக் கதிர்களை எண்ணும் கருவி, அது களிப்பாறையா மணற்பாறையா என்று சொல்லும். மின்தடையை அளக்கும் கருவி, பாறையின் நுண்துளைகளில் உப்புநீர் இருக்கிறதா எண்ணெய் இருக்கிறதா என்று காட்டும். அழுத்தமானி, எரிவாயு திடீரெனக் கிணற்றுக்குள் பாயும் ஆபத்தை முன்கூட்டியே உணர்த்தும். இந்தத் தகவல் தாமதமாக வந்தாலும் வராமல் போனாலும் நேரமும் பணமும் வீணாவதோடு, உயிருக்கும் ஆபத்து வரலாம்.

கம்பியில் தொடங்கிய கதை

கிணற்றுக்குள் மின்கருவியை இறக்கி அளக்கும் வழக்கம் 1927-ல் தொடங்கியது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் உள்ள பெஷல்பிரான் எண்ணெய் வயலில், கான்ராட், மார்செல் ஷ்லம்பெர்ஜர் சகோதரர்களின் முறைப்படி ஆன்றி டால் தலைமையிலான சிறு குழு, செப்டம்பர் 5 அன்று ஒரு கருவியைக் கேபிளில் கட்டி இறக்கியது. கருவியை ஓர் இடத்தில் நிறுத்திப் பாறையின் மின்தடையை அளப்பார்கள். அடுத்த இடத்துக்கு நகர்த்தி மறுபடி அளப்பார்கள். அளவுகளைக் கையாலேயே வரைபடமாக வரைந்தார்கள். கேபிளில் கருவி இறக்கும் முறை இன்றும் உலகமெங்கும் இருக்கிறது. எஃகுக் கம்பிகளால் கவசமிட்ட அந்தக் கேபிள் எடையைத் தாங்குகிறது, மின்சாரத்தைக் கீழே அனுப்புகிறது, தகவலை மேலே கொண்டுவருகிறது. மின்சாரம், தகவல் இரண்டுக்குமே இதைவிட எளிய விடை இல்லை.

ஆனால் கேபிள் இறங்க வேண்டுமானால் தோண்டுவதை நிறுத்த வேண்டும். குழாய்த் தொடர் முழுவதையும் மேலே இழுத்துக் கழற்ற வேண்டும். 5 கிலோமீட்டர் கிணற்றில் ஏறக்குறைய 9.5 மீட்டர் நீளக் குழாய்கள் 500-க்கு மேல் இருக்கும். ஆழ்கடல் ரிக் ஒன்றின் ஒரு நாள் வாடகை சில லட்சம் டாலர் என்னும்போது, ஒவ்வொரு அளவுக்கும் இப்படிக் காத்திருக்க முடியாது. சுழலும் குழாய்க்குள் சாதாரணக் கேபிளைத் தொங்கவிட்டால் ஒவ்வொரு குழாய் சேர்க்கும்போதும் அதை அவிழ்த்துக் கட்ட வேண்டியிருக்கும். தோண்டிக்கொண்டிருக்கும்போதே அளந்து, அப்போதே மேலே அனுப்ப வேண்டுமானால் கம்பியில்லாத வழிதான் வேண்டும். அந்த வழியைத் தந்தது, துளைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சேறு.

சேறு செய்யும் மூன்று வேலைகள்

தண்ணீரிலோ எண்ணெயிலோ களிமண்ணும் பேரைட் என்னும் கனமான தாதுப்பொடியும் கலந்த குழம்புதான் துளையிடும் சேறு. பெரிய பம்புகள் அதைக் குழாய்க்குள் அழுத்தி இறக்குகின்றன. அது பிட்டின் துவாரங்கள் வழியே பீய்ச்சி அடித்து, அரைபட்ட பாறைத் துகள்களை வாரிக்கொண்டு, குழாய்க்கும் துளைச் சுவருக்கும் இடையேயுள்ள வெளி வழியாக மேலே திரும்புகிறது. துகள்களை அகற்றுவதும் துளை இடியாமல் தாங்குவதும் அதன் பழைய வேலைகள். கருவிகளைப் பொறுத்தவரை அதற்கு மேலும் மூன்று வேலைகள் உண்டு. அது மின்சாரம் தருகிறது; தகவலைச் சுமக்கிறது; சூட்டைத் தணிக்கிறது. பம்பு நின்றால் இந்த மூன்றும் ஒன்றாக நின்றுவிடும்.

முதலில் மின்சாரம். கருவிக்கு மேலே குழாய்க்குள் ஒரு சிறு டர்பைன் பொருத்தப்படுகிறது. இறங்கிவரும் சேறு அதைச் சுழற்ற, அதோடு இணைந்த ஜெனரேட்டர் சில நூறு வாட் வரை மின்சாரம் தருகிறது. சுழலும் தண்டு சேற்றிலிருந்து கருவிக்குள் நுழையும் இடத்தில் சீல் வைத்தால், சேற்றிலுள்ள மணல் அதைச் சீக்கிரமே தேய்த்துவிடும். ஆகவே பல வடிவமைப்புகளில் சுழற்சி காந்தப் பிணைப்பு வழியாகவே உள்ளே கடத்தப்படுகிறது. அந்தக் காந்தமும் சூட்டைத் தாங்க வேண்டும். மின்மோட்டார்களில் பரவலாக உள்ள நியோடிமியக் காந்தம் உயர்வெப்பத்தில் வலுவிழந்துவிடுவதால், சமேரியம்–கோபால்ட் காந்தம் பயன்படுத்தப்படுகிறது.

இன்னொரு வழி பேட்டரி. இங்கே பயன்படுவது லித்தியம்–தயோனைல் குளோரைடு வகை. ஒரு செல் சுமார் 3.6 வோல்ட் தரும். சிறிய உருவத்துக்குள் நிறைய ஆற்றல் அடங்கியிருக்கும். மீண்டும் சார்ஜ் செய்ய முடியாது. டர்பைனைப் போல் பம்பை நம்பியிருக்க வேண்டியதில்லை. ஆனால் லித்தியத்தின் உருகுநிலை சுமார் 180 டிகிரி. அதைத் தாண்டி லித்தியம் உருகினால் செல்லுக்குள் குறுக்குச் சுற்று ஏற்பட்டு அது வெடிக்கும். லித்தியத்தோடு மக்னீசியம் சேர்த்த கலவை வரம்பை ஏறத்தாழ 200 டிகிரிக்கு உயர்த்துகிறது. அதற்கு மேல் இந்த வகை பேட்டரிக்கு இடமில்லை. தீர்ந்துபோன பேட்டரியைக் கையாள்வதிலும் அப்புறப்படுத்துவதிலும்கூட ரிக் பணியாளர்கள் கடுமையான பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றுகிறார்கள்.

சுற்றிலும் இவ்வளவு வெப்பம் இருக்க, அதிலிருந்தே மின்சாரம் எடுத்தால் என்ன என்று தோன்றலாம். வெப்பத்தை மின்சாரமாக்கும் சாதனம் எதற்கும் ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியும் வேண்டும். அந்த வேறுபாட்டிலிருந்துதான் மின்சாரம் பிறக்கிறது. கிணற்றின் அடியில் கருவியைச் சுற்றி எல்லாமே ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்கும். எனவே அந்த வெப்பம் அளவில் பெரியதாக இருந்தும் கருவிக்கு மின்சாரமாகப் பயன்படுவதில்லை.

அழுத்தத் துடிப்பில் எழுதும் எண்கள்

தகவலுக்கும் சேறுதான் சாலை. கருவியிலுள்ள ஒரு வால்வு, குழாய்க்குள் இறங்கும் சேற்றின் பாதையை ஒரு கணம் ஓரளவு அடைக்கிறது. அழுத்தம் சற்று உயர்கிறது. அந்த உயர்வு சேற்றின் ஊடே ஒலியின் வேகத்தில், நொடிக்கு ஏறக்குறைய 1,200 மீட்டர் வீதம், மேல்நோக்கிப் பயணிக்கிறது. 5 கிலோமீட்டர் ஆழத்திலிருந்து கிளம்பிய துடிப்பு சுமார் 4 நொடியில் மேலே உள்ள அழுத்தமானியை அடைகிறது. துடிப்பு வந்தால் 1, வராவிட்டால் 0 என்று வைத்துக்கொண்டால் எந்த எண்ணையும் இப்படி அனுப்பிவிடலாம். பாதையை அடைப்பதற்குப் பதிலாகக் குழாயின் பக்கவாட்டில் ஒரு சிறு துவாரத்தைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கும் முறையும் உண்டு. பல்வெட்டு உள்ள இரு தட்டுகளில் ஒன்று நிலையாக நிற்க, மற்றொன்றைச் சுழற்றித் தொடர் அலையை எழுப்பி, அந்த அலையின் கட்டத்தை மாற்றித் தகவல் அனுப்பும் மூன்றாவது முறையும் இருக்கிறது. 1970-களின் இறுதியில் சேற்றுத் துடிப்பு முறை வணிக அளவில் வயலுக்கு வந்தது. இன்று உலகில் மிகப் பரவலாக இருப்பது இதுவே.

ஓர் அளவு எப்படி மேலே வருகிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். புதிய குழாய் சேர்ப்பதற்காகப் பம்பு நிறுத்தப்படுகிறது. குழாய்த் தொடர் அசையாமல் நிற்கிறது. அதிர்வு இல்லாத அந்தச் சில நிமிடங்கள்தான் சாய்வையும் திசையையும் சரியாக அளக்க ஏற்ற நேரம். டர்பைன் நின்றிருப்பதால் கருவி பேட்டரியிலோ சேமித்த மின்சாரத்திலோ அளவெடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. சாய்வு 0 முதல் 180 டிகிரி வரை இருக்கலாம். அதைப் பத்தில் ஒரு டிகிரி துல்லியத்தில் சொல்ல 1,800 வெவ்வேறு மதிப்புகள் வேண்டும். அதற்கு 11 பிட், அதாவது 0 அல்லது 1 என்னும் இலக்கங்கள் பதினொன்று, தேவை. திசைக்கு 3,600 மதிப்புகள்; 12 பிட். பிழை கண்டறியும் பிட்டுகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 30 பிட் ஆகும். பம்பு மறுபடி ஓடத் தொடங்கியதும் வால்வு துடிக்க ஆரம்பிக்கிறது. நொடிக்கு 3 பிட் வேகத்தில் 10 நொடியில் அந்த அளவு மேலே திரையில் தோன்றுகிறது. துளையைத் திருப்பும்போது பாறையை அரைக்கும் பிட்டின் வளைவு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை மட்டும் அடிக்கடி சொல்ல வேண்டும். முழுவட்டத்தை 64 பங்காகப் பிரித்துக்கொண்டால் 6 பிட் போதும். இரண்டு நொடிக்கு ஒருமுறை அனுப்பிவிடலாம். எந்த எண்ணுக்கு எவ்வளவு துல்லியம், எவ்வளவு அடிக்கடி என்று இப்படிப் பங்கிடுவதே இந்தத் தொழிலின் அன்றாடத் திறமை.

வேகம் இவ்வளவு குறைவாக இருப்பதற்குக் காரணம் உண்டு. ஆழம் கூடக் கூட, சேறு கனமாகவும் கெட்டியாகவும் ஆக ஆக, துடிப்பு வழியிலேயே மங்கிவிடுகிறது. குறைந்த ஆழத்தில் நொடிக்கு 10 பிட்டுக்கு மேல் அனுப்பும் கருவி, ஆழ்கிணற்றில் 1, 2 பிட்டுக்கு இறங்கிவிடும். பம்பின் பிஸ்டன்களும் தாளம் தவறாமல் தங்கள் அழுத்த அலைகளை எழுப்பிக்கொண்டே இருக்கும். மேலே உள்ள கணினி அந்த இரைச்சலைக் கழித்து, அடியிலிருந்து வந்த மெல்லிய துடிப்பைப் பிரித்தெடுக்கிறது. சேற்றுக்குப் பதில் காற்றையோ நுரையையோ செலுத்தித் தோண்டும் கிணறுகளில் இந்த முறை எடுபடாது. எளிதில் அமுங்கும் வாயு துடிப்பை விழுங்கிவிடும். மேலிருந்து கீழே கட்டளை அனுப்பவும் சேறு பயன்படுகிறது. பம்பின் வேகத்தைக் குறித்த ஒழுங்கில் கூட்டிக் குறைத்தால், கருவி அதைப் படித்துத் தன் வேலையை மாற்றிக்கொள்ளும்.

மற்ற வழிகள்

காற்றைச் செலுத்தித் தோண்டும் கிணறுகளுக்கு மின்காந்த முறை கைகொடுக்கிறது. குழாய்த் தொடரின் நடுவே மின்சாரம் கடத்தாத ஒரு சிறு இடைவெளி வைத்து, அதன் இரு பக்கமும் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றிச் செலுத்துகிறார்கள். பாறை வழியாகப் பரவும் அந்த மின்னோட்டத்தின் மிகச் சிறு பங்கை, ரிக்கிலிருந்து சற்றுத் தள்ளித் தரையில் அடித்த கம்பிகள் உணர்கின்றன. அலைவெண் நொடிக்கு 2 முதல் 12 சுற்று என்ற அளவுக்கு மிகக் குறைவு; அதைக் கூட்டினால் சைகை பாறைக்குள்ளேயே அழிந்துவிடும். உப்புநீர் ஊறிய பாறை அடுக்குகள் மின்சாரத்தை உறிஞ்சிக்கொள்வதால், மிக ஆழமான கிணறுகளில் இந்த முறை தடுமாறும். குழாயின் எஃகு வழியாகவே ஒலி அதிர்வை அனுப்பும் முறையும் உண்டு. ஒவ்வொரு குழாய் இணைப்பும் சில அலைவெண்களைத் தடுத்துச் சிலவற்றை மட்டும் விடுவதால், எந்த ஒலி கடந்துபோகும் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

வேகத்தில் எல்லாவற்றையும் மிஞ்சியது கம்பி பொதிந்த குழாய். அமெரிக்க எரிசக்தித் துறையின் உதவியோடு உருவாகி, 2006-ல் சந்தைக்கு வந்தது. ஒவ்வொரு குழாயின் சுவரிலும் ஒரு கேபிள் ஓடுகிறது. இரு முனைகளிலும் ஒரு மோதிர வடிவக் கம்பிச்சுருள் பதித்திருக்கிறது. இரண்டு குழாய்களை முறுக்கிச் சேர்க்கும்போது அந்தச் சுருள்கள் எதிரெதிரே வந்து நிற்கும். உலோகத்தோடு உலோகம் தொட்டு மின்சாரம் பாய வேண்டியதில்லை. ஒன்றின் காந்தப்புலம் மற்றொன்றில் சைகையைத் தூண்டிவிடும். சேறும் கிரீஸும் படிந்த ரிக் தளத்தில் இது பெரிய வசதி. நொடிக்கு 57,600 பிட் கிடைக்கிறது. 80 லட்சம் பிட் கொண்ட ஒரு படத்தைச் சேற்றுத் துடிப்பில் நொடிக்கு 5 பிட் வீதம் அனுப்ப 18 நாளுக்கு மேல் ஆகும். இதில் 2 நிமிடம் 20 நொடி போதும். குறையும் அங்கேயே இருக்கிறது. 5 கிலோமீட்டரில் 500-க்கு மேற்பட்ட இணைப்புகளில் ஒன்று கெட்டாலும் தொடர்பு அறுந்துவிடும். வழியில் சைகையை வலுவாக்கும் சாதனங்கள் பேட்டரியில் ஓடுவதால், சூட்டின் பழைய பிரச்சினை அங்கும் வந்துவிடுகிறது. இந்தக் கேபிள் கருவிக்குத் தேவையான மின்சாரத்தையும் கொண்டுவருவதில்லை.

தோண்டி முடித்த கிணறுகளில் ஒளியிழை வேறொரு விதத்தில் உதவுகிறது. மேலிருந்து லேசர் துடிப்பை இழைக்குள் அனுப்பினால், அதன் ஒவ்வொரு இடத்திலிருந்தும் சிறிது ஒளி சிதறித் திரும்பும். திரும்பும் ஒளியின் நிறக் கூறுகளில் அந்த இடத்தின் வெப்பநிலை பதிந்திருக்கும். திரும்ப எடுத்த நேரம் ஆழத்தைச் சொல்லும். மின்னணுச் சாதனம் எல்லாம் தரைமேலேயே இருக்கிறது. கீழே கண்ணாடி மட்டுமே. மின்சாரம் தேவையில்லை. ஆனால் சூடான கிணற்றிலுள்ள ஹைட்ரஜன் இழைக்குள் ஊடுருவி அதை மங்கச் செய்யும். அதைத் தடுக்கக் கார்பன் பூச்சும், உயர்வெப்பத்துக்குப் பாலிஇமைடு, தங்கம் போன்ற பூச்சுகளும் பயன்படுகின்றன.

சூடு எதையெல்லாம் தாக்குகிறது

நாம் அன்றாடம் பயன்படுத்தும் மின்னணுச் சில்லுகள் பெரும்பாலும் 85 டிகிரி வரைக்குமே உறுதி தரப்பட்டவை. வாகனங்களுக்கான சில்லுகள் 125 டிகிரி வரை. வெப்பம் ஏறினால் சிலிக்கானுக்குள் மின்னோட்டம் கசியத் தொடங்கும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் அந்தக் கசிவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஒரு கட்டத்துக்கு மேல் திறந்த சுவிட்சுக்கும் மூடிய சுவிட்சுக்கும் வேறுபாடு இல்லாமல் போகும். சில்லைப் பலகையோடு பிணைக்கும் ஈய–வெள்ளீயப் பற்று 183 டிகிரியில் உருகிவிடும். நீர் புகாமல் காக்கும் ரப்பர் வளையங்கள் 200 டிகிரியை ஒட்டி இறுகி வெடிக்கும். மின்தேக்கிகள் வறண்டு போகும். ஆழ்கிணற்றுக் கருவிகள் வழக்கமாக 150 அல்லது 175 டிகிரி வரைக்கும் செய்யப்படுவதற்கு இவை எல்லாம் சேர்ந்தே காரணம்.

இதற்குப் பழைய தீர்வு வெற்றிடக் குடுவை. சூடான காபியை ஆறவிடாமல் வைக்கும் ஃபிளாஸ்க் இங்கே வெளிச்சூட்டை உள்ளே விடாமல் தடுக்கிறது. கருவியை இரட்டைச் சுவர் எஃகுக் குடுவைக்குள் வைத்து, 70 டிகிரியில் உருகும் உலோகக் கலவையையும் உடன் வைப்பதுண்டு. அது உருகும்போது உள்ளே வந்த வெப்பத்தை வாங்கிக்கொள்ளும். இதனால் சில மணி நேரம் கிடைக்கும். ஆனால் குடுவை, கருவி தானே வெளியிடும் வெப்பத்தையும் வெளியே விடாது. 10 வாட் செலவழிக்கும் கருவி 6 மணி நேரத்தில் 2,16,000 ஜூல் வெப்பத்தை அந்தச் சிறு இடத்துக்குள்ளேயே சேர்த்துவிடும். ஆகவே குறைவாக மின்சாரம் செலவழிப்பதும் சூட்டிலிருந்து தப்பிக்கும் வழியே.

புதிய தீர்வு, சூட்டைத் தாங்கும் சில்லுகளையே செய்வது. சிலிக்கானை ஒரு மின்காப்புப் படலத்தின்மேல் மெல்லிய ஏடாக வைத்துச் செய்யும் சில்லுகளில் கசிவு வெகுவாகக் குறையும். அவை 225 டிகிரியில் வேலை செய்யும்படி விற்கப்படுகின்றன. அதற்கும் மேலே சிலிக்கான் கார்பைடு. நாசாவின் கிளென் ஆய்வகம் செய்த சிலிக்கான் கார்பைடு சுற்றுகள் 500 டிகிரியில் ஓராண்டுக்கு மேல் இயங்கியிருக்கின்றன. வெள்ளி கிரகத்தின் தரைக்காகச் செய்த அந்தச் சுற்றுகளில் டிரான்சிஸ்டர்கள் குறைவு. இன்றைய சாதாரணச் சில்லின் சிக்கலான கணக்குகளை அவை இன்னும் போட முடியாது.

வெப்பம் வரைந்த எல்லைகள்

ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-ல் தொடங்கிய ஆய்வுத்துளை 1989-ல் 12,262 மீட்டரைத் தொட்டது. அடியில் 100 டிகிரி இருக்கும் என்று எதிர்பார்த்தார்கள், இருந்தது 180. மேற்கொண்டு இறங்க முடியாமல் நின்றதில் இந்த வெப்பத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஜெர்மனியின் பவேரியாவில் விண்டிஷ்எஷென்பாக் அருகே 1990 முதல் 1994 வரை தோண்டிய துளை 9,101 மீட்டர் ஆழம் சென்றது. அங்கே சுமார் 265 டிகிரி. அதில் துளை சாயும்போது தானே திருத்தி நேராக்கும் கருவி பயன்பட்டது. சுமார் 7,500 மீட்டர் வரை துளை செங்குத்தாகவே இறங்கியது. அதற்குக் கீழே மின்னணுவியல் சூட்டைத் தாங்கவில்லை. கருவியை விட்டுவிட்டுத் தோண்டியபோது துளை நேர்கோட்டை விட்டு விலகத் தொடங்கியது.

ஐஸ்லாந்தின் ரெய்க்யானஸ் தீபகற்பத்தில் 2017 ஜனவரியில் முடிந்த கிணறு 4,659 மீட்டர் ஆழம். அங்கே அளந்த வெப்பநிலை 426 டிகிரி, அழுத்தம் 340 பார். நீர் அந்த நிலையில் திரவமாகவும் இருக்காது, ஆவியாகவும் இருக்காது. அதிக ஆற்றலைச் சுமக்கும் மீவரம்பு நிலையில் இருக்கும். அத்தகைய ஒரு கிணறு சாதாரணப் புவிவெப்பக் கிணற்றைப் போல் பல மடங்கு மின்சாரம் தரலாம் என்பதே அந்தத் திட்டத்தின் நம்பிக்கை. அவ்வளவு சூட்டில் தோண்டுவதற்கு வழி, குளிர்ந்த நீரை இடைவிடாமல் செலுத்திக்கொண்டே இருப்பதுதான். நீர் ஓடும் வரை பிட்டும் கருவியும் பிழைக்கும். நின்றால் பாறையின் சூடு மெல்ல மெல்லத் திரும்பிவரும். உள்ளே இறங்கும் சேறு வழியில் சூடாகாமல் காக்க வெப்பக்காப்பு பூசிய குழாய்களும், மேலே சேற்றைக் குளிரவைக்கும் சாதனங்களும் இப்போது புழக்கத்துக்கு வந்திருக்கின்றன.

இந்தியாவுக்கும் இது தொலைவான விஷயம் இல்லை. கிருஷ்ணா–கோதாவரி படுகையில் உயர் அழுத்தமும் உயர் வெப்பமும் கொண்ட எரிவாயுக் கிணறுகள் இருக்கின்றன. லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு புவிவெப்பத்துக்குப் பேர்பெற்றது.

இவ்வளவு தடைகளுக்கு நடுவே கருவி வடிவமைப்பாளர்கள் கண்டடைந்த விவேகம், எல்லாவற்றையும் மேலே அனுப்ப முயலாமல் இருப்பது. ஆயிரக்கணக்கான அளவுகளைக் கருவி தன் நினைவகத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அவற்றின் சாரத்தை மட்டும் சில பிட்டுகளில் அனுப்புகிறது. முழு விவரம், குழாய் மேலே வந்தபின் படிக்கப்படுகிறது. ஆனால் கீழேயே சாரம் எடுக்க வேண்டுமானால், கணக்குப் போடும் சில்லு அந்தச் சூட்டில் உயிரோடு இருக்க வேண்டும். வேகமான தகவல் வழி ஒன்று கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. பேட்டரி, சில்லு, பற்று, ரப்பர் வளையம் ஆகிய எல்லாமே ஒரே வெப்பநிலையைத் தாங்கியாக வேண்டும். அவற்றில் மிகவும் பலவீனமான ஒன்று எத்தனை டிகிரியைத் தாங்குகிறதோ, அத்தனை டிகிரி வரைக்கும்தான் பூமிக்கு அடியிலிருந்து நமக்குத் தகவல் வரும்.